பெண்ணுக்கு விருப்பமில்லை

ஆனைக்குட்டம் சங்கிலிமுத்து இருபத்தைந்து வயது முடிவதற்குள் ஏழு பேரை ரத்தம் வர அடித்திருந்தான். அவற்றில் இரண்டு பிறர் தொடங்கிய சண்டைகள். மீதி ஐந்திலும் காரணம் ஒன்றுதான். எதிரில் நின்றவர் அவனிடம் முடியாது என்று சொன்னார்.

1999இல் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைத் தர மறுத்தவருக்கு முன்பல் போயிற்று. 2002 பங்குனிப் பொங்கலில் கபடி அணியில் சேர்த்துக்கொள்ளாதவருக்கு மணிக்கட்டு முறிந்தது. 2004இல் ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை நிறுத்தாத நடத்துநரை இறக்கி அடித்து, ஒரு பகலும் ஓர் இரவும் காவல் நிலையத்தில் இருந்தான். மற்ற இரண்டும் இதே அளவுதான்.

அவன் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மனைவி சின்னத்தாயை சைக்கிள் செயினால் அடிப்பார். சோறு இல்லை என்றாலும் அடி, இப்போது வேண்டாம் என்றாலும் அடி. பன்னிரண்டு வயதில் சங்கிலிமுத்து அந்தச் செயினைப் பிடுங்கிக் கண்மாயில் எறிந்தான். அன்றைக்கு அவனுக்கு விழுந்த அடியில் இடது காதின் கேட்கும் திறன் பாதி குறைந்தது. 2000இல் அப்பா இறந்தார். அம்மாவை அடிக்க வீட்டில் யாரும் இல்லாமல் போனார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் மறுப்புச் சொல்லவும் இல்லை.

பதினேழு வயதில் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். இருபத்திரண்டில் கட்டிங் மாஸ்டர். ஐந்நூறு தாள் கொண்ட கட்டை மேசையில் ஏற்றி, மரக்கட்டையால் நான்கு பக்கமும் தட்டிச் சீராக்கி, கத்தியை இறக்குவது அவன் வேலை. காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று அச்சகத்தில் அடித்த எதுவும் அவன் கத்தியைத் தாண்டித்தான் வெளியே போகும். கோணல் என்று திரும்பி வந்த வேலை ஒன்றுகூட அவன் பேரில் இல்லை.

2006 பிப்ரவரியில் இருந்து ஒரு பெண்ணைப் பார்க்க ஆரம்பித்தான். விருதுநகர் பக்கமிருந்து ஒரு பஸ்ஸில் வந்து திருத்தங்கலில் இறங்கி, எட்டு பத்துக்கு வரும் டவுன் பஸ் பிடித்து சிவகாசி போவாள். வெள்ளைச் சுடிதார், கையில் டிபன் பை, கழுத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அட்டை. ஒருநாள் பக்கத்தில் நின்றபோது அட்டையில் ஞா. ஜெஸ்லின் என்று படித்தான். அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது.

ஜூன் 12, திங்கட்கிழமை, காலை எட்டு ஐந்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஏங்க, ஒரு நிமிசம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"என் பேரு சங்கிலிமுத்து. அந்தா தெரியிதுல்ல பிரஸ்ஸு, அங்கனதான் கட்டிங் மாஸ்டரா இருக்கேன். நாலு மாசமா ஒங்களப் பாக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீக. ஒரு ஞாயித்துக்கெளம சிவகாசில வச்சு ஒரு காபி குடிச்சுப் பேசிப் பளகலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"வேண்டாங்க. எனக்கு விருப்பமில்ல. கேட்டதுக்குக் கோவமில்ல. ஆனா இனிமே இதுக்காக இங்கன வந்து நிக்காதீக."

"சரிங்க," என்றான்.

பஸ் வந்தது, ஏறிப் போனாள். பேசியது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. சங்கிலிமுத்து சாலையைக் கடந்து அச்சகத்துக்கு வந்து, நிலுவையில் இருந்த தீப்பெட்டி லேபிள் கட்டை வெட்ட ஆரம்பித்தான்.  கோடு பிசகவில்லை. அவனிடம் ஒருவர் முடியாது என்று சொல்லி அடிபடாமல் போனது அதுவே முதல் தடவை. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பெட்டிக்கடையில் பீடி வாங்க நின்ற உக்கிரபாண்டி இதைப் பார்த்துவிட்டான். அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுபவன், முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு டீக்கடையில் எட்டுப் பேர் கூடியிருந்தபோது ஆரம்பித்தான்.

"ஏலே, நம்ம மாஸ்டரப் பாத்துப் பயப்படாத ஆளு திருத்தங்கல்ல இருக்காலே? இருக்கு. வெள்ளச் சுடிதாரு. 'வேண்டாங்க'ன்னுச்சு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'சரிங்க'. மண்டையக் குனிஞ்சு, பொண்ணு மாதிரி 'சரிங்க'."

"நெசமாவா மாஸ்டர்?"

"கேளு, கேளு. நடத்துநரப் போட்டு மிதிச்ச காலு, அன்னைக்கி எங்கன போச்சுன்னு கேளு."

சங்கிலிமுத்து கையில் இருந்த டீ கிளாஸோடு உக்கிரபாண்டியின் முகத்தில் அடித்தான். கிளாஸ் புருவத்தில் உடைந்தது. சூடான டீயும் ரத்தமும் சட்டையில் இறங்கின. கீழே விழுந்தவனை மூன்று முறை உதைத்த பிறகுதான் மற்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். புருவத்தில் நான்கு தையல். சங்கிலிமுத்து ரத்தம் வர அடித்தவர்களில் எட்டாவது ஆள் அவன். இந்த அடி அந்தப் பெண்ணுக்கு விழுந்திருக்க வேண்டியது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை. அடிக்கும்போது சங்கிலிமுத்துவின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது உக்கிரபாண்டியின் குரல் அல்ல.

புதன்கிழமை உக்கிரபாண்டி புருவத்தில் பஞ்சோடு வேலைக்கு வந்தான். இந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு வாழ்த்து நோட்டீஸ் அடித்துப் பந்தலில் கொடுப்பார்கள். கேலியும் கிண்டலுமாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரே ஆசையாகப் படிப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உக்கிரபாண்டி, பஸ் நிறுத்தத்தில் அவள் கழுத்து அட்டையில் பார்த்து வைத்திருந்த பெயரைச் சேர்த்து, அப்படி ஒன்றைக் கணினியில் தானே அடித்து, வேறு வேலைக்குப் போட்டிருந்த மெல்லிய தாளில் ஓட்டினான். ஒரு தாளுக்கு நான்கு வீதம் பதினைந்து தாள். சங்கிலிமுத்துவின் மேசையில் கொண்டுவந்து வைத்தான்.

மணமகன் கட்டிங் மாஸ்டர் சங்கிலிமுத்து, ஆனைக்குட்டம். மணமகள் சிவகாசி நர்ஸ் ஞா. ஜெஸ்லின். வெட்டுறவரும் தையல் போடுறவரும் ஒண்ணு சேரும் விழா. வாழ்த்துவோர், எட்டு பத்து பஸ் நிறுத்த நண்பர்கள்.

"கோவத்த விடுலே," என்றான் உக்கிரபாண்டி. "அடிச்சது நீ, தையல் எனக்கு. நானே சமாதானத்துக்கு வாரேன். வெட்டித் தா, பயலுக சிரிச்சுட்டுப் போட்டும்."

"இது வெளிய போனா?"

"எங்கலே போவும்? சாயங்காலம் கழிவுச் சாக்கு. சனிக்கெளம ஏவாரி லோடு ஏத்திருவான். வெடிக்குளாய் சுத்திருவாக. தீவாளிக்கு 'டமார்'. எவன் வாசிக்கப் போறான்?"

அச்சகத்தில் எல்லோரும் நம்பிய விஷயம் அது. கழிவுத் தாள் என்றால் வெடிக்குப் போகும் தாள். அதில் என்ன இருந்தாலும் பட்டாசோடு சிதறிவிடும் என்று முப்பது வருடம் வேலை பார்த்தவர்களும் நினைத்தார்கள். வெடிப்பதற்கு முன் அதைச் சுற்றுகிற கைகள் உண்டு, அந்தக் கைகளுக்கு மேலே கண்களும் உண்டு என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சங்கிலிமுத்து அந்தத் தாளைப் படித்தான். இரண்டு பெயரும் ஒரே வரிசையில் இருந்தது அவனுக்குப் பிடித்திருந்தது. இதை அவன் பிறகு ஒளிக்கவில்லை. கத்தியை ஒரே ஒரு முறை குறுக்கே இறக்கியிருந்தால் பெயர்கள் துண்டாகியிருக்கும். அவன் கோடு பார்த்து, கோணல் இல்லாமல், அறுபது நோட்டீஸாக வெட்டிக் கொடுத்தான். பையன்கள் படித்துச் சிரித்தார்கள். ஐந்து மணிக்கு அறுபதும் கழிவுச் சாக்கில் விழுந்தன.

அந்தச் சாக்கு 17ஆம் தேதி வியாபாரியிடம் போயிற்று. அங்கிருந்து குழாய் சுற்றும் ஏஜெண்டிடம். ஏஜெண்ட் வீடுவீடாகத் தாளும் பசையும் கொடுத்து, சுற்றிய குழாயைத் திரும்ப எடுப்பவர். 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு கட்டு, சூலக்கரையில் மாரிசெல்வி என்ற பெண்ணின் வீட்டில் இறங்கியது. தாளைக் கம்பியில் சுற்றிக்கொண்டே அதில் இருப்பதைப் படிப்பது மாரிசெல்வியின் பழக்கம். ஜெஸ்லின் வீடு அவள் வீட்டில் இருந்து நான்காவது வீடு.

மாரிசெல்வி கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. பசை காயாத ஒரு நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜெஸ்லினுடைய அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்ளப் போனாள்.

"என்ன மதினி, கல்யாண நோட்டீசு குளாய்க்குள்ள சுத்துற வரைக்கும் வந்திருச்சு. நாலு வீடு தள்ளி இருக்கோம், எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னீகளா?"

வாசலில் அண்ணன் ஜெயசுந்தர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது வயது, வேன் ஓட்டுபவன். நோட்டீஸை வாங்கிப் படித்தான். மாரிசெல்வி வீட்டுக் கட்டை அவிழ்த்து நாற்பத்தொரு நோட்டீஸைப் பொறுக்கினான். மீதி பத்தொன்பதும் குழாய்க்குள் சுருண்டு காய்ந்து போயிருந்தன. அன்று மாலை வேலை முடிந்து வந்த ஜெஸ்லின் வாசற்படி ஏறுமுன் கன்னத்தில் முதல் அறை விழுந்தது. எத்தனை நாள் பழக்கம் என்பது அவன் கேள்வி. பழக்கமே இல்லை, ஒருநாள் கேட்டான், வேண்டாம் என்றேன் என்பது அவள் பதில். ஒவ்வொரு முறை பதில் வந்தபோதும் ஓர் அடி. அப்பா ஞானமுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியர். இடையில் விழுந்து தடுத்தவருக்கும் முழங்கையில் சிராய்ப்பு.

மறுநாள் சனிக்கிழமை, 24ஆம் தேதி, பகல் பதினொன்று இருபதுக்கு அச்சக வாசலில் வேன் வந்து நின்றது. ஜெயசுந்தர் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிங் மெஷின் வரைக்கும் வந்தான். பின்னால் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் கையில் வேனின் ஜாக்கி லிவர்.

"இவனா? சொல்லு, இவனா?"

"இவருதான் கேட்டாரு. நான் வேண்டாம்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு. அம்புட்டுத்தான்."

"அப்ப நின்னு பேசியிருக்க."

"பேசாம எப்பிடிண்ணே வேண்டாம்னு சொல்ல முடியும்?"

ஜெயசுந்தர் அவளை அடித்தான். கை விரித்த அறை அல்ல, மூடிய கை. அவள் தாள் அடுக்கில் மோதி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, "அம்புட்டுத்தான்," என்றாள் மறுபடியும். அவன் மறுபடி கையை ஓங்கினான்.

சங்கிலிமுத்துவின் கையில் தாள் தட்டும் மரக்கட்டை இருந்தது. ஒன்றரைக் கிலோ எடை. அதைப் பக்கவாட்டில் வீசினான். ஜெயசுந்தரின் வாயில் பட்டது. மேல்வரிசையில் இரண்டு பல் உடைந்தது, கீழ்த்தாடையில் விரிசல் விட்டது. வெட்டி வைத்திருந்த காலண்டர் தாளில் ரத்தம் தெறித்து, ஒரு கட்டு முழுக்க வீணாயிற்று. ஜாக்கி லிவர் வைத்திருந்தவன் சங்கிலிமுத்துவின் விலாவில் நான்கு அடி அடித்தான். இரண்டு விலா எலும்பு முறிந்தது. உக்கிரபாண்டி இங்க் டப்பாவை அடித்தவன் தலையில் எறிந்த பிறகுதான் லிவர் கீழே விழுந்தது.

ஜெஸ்லின் துப்பட்டாவை மடித்து அண்ணன் வாயில் வைத்து அழுத்தினாள். தலையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு சங்கிலிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்கள யாரு அடிக்கச் சொன்னா?"

"ஒங்கள அடிச்சாக..."

"என்னைய அடிச்சா நான் பாத்துக்கிடுவேன். எனக்காக நீங்க அடிச்சுட்டீக. இனிமே நான் வேண்டாம்னு சொன்னத எவன் நம்புவான்?"

அவள் சொன்னது ஒரு மணி நேரத்துக்குள் நிரூபணமாயிற்று. ஒன்றுமில்லாத பெண்ணுக்காக ஒருத்தன் ஏன் அண்ணன்காரன் பல்லை உடைக்கிறான் என்று திருத்தங்கல் டீக்கடையிலும் பேசினார்கள், சூலக்கரையிலும் பேசினார்கள். நோட்டீஸை விளையாட்டு என்று விட்டிருக்கக்கூடியவர்கள்கூட அந்த அடியைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஜெயசுந்தரின் கூட்டாளிகள் ஆறு பேர் மூன்று பைக்கில் ஆனைக்குட்டம் போனார்கள். சங்கிலிமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். குழாயடியில் இருந்து குடத்தோடு வந்த அவன் அம்மா சின்னத்தாயைத் தள்ளிவிட்டுக் கம்பால் அடித்ததில் இடது முன்கை முறிந்தது. வீட்டின் ஓடு அறுபதுக்கு மேல் நொறுங்கியது. 26ஆம் தேதி, சின்னத்தாயின் தம்பி அய்யாதுரை பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு சூலக்கரைக்குப் போனார். பட்டாசுக் கம்பெனியில் கங்காணி அவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டின் மேல் கல்லெறிந்து, வேனின் கண்ணாடியை உடைத்து, ஒரு பைக்குக்குத் தீ வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு கல் ஞானமுத்துவின் தலையில் பட்டு ஆறு தையல். இரண்டு பக்கமும் வழக்கு. இரண்டு பக்கமும் ஆள் தேடல்.

இந்த எட்டு நாளும் ஜெஸ்லின் உள்ளறையில் இருந்தாள். வேலைக்கு விடவில்லை. செல்போனைப் பிடுங்கிவிட்டார்கள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னாள். கேட்டவர்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக்குத் திருத்தங்கலில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இரு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் எழுதுவதற்கு நாகையா. அறுபது வயது, மர வியாபாரி. இரண்டு பக்கமும் உறவு உள்ளவர்.

இரண்டு குடும்பமும் ஒரே சாதிக்காரர்கள்தான். ஞானமுத்துவின் தாத்தா காலத்தில் அந்தக் குடும்பம் மட்டும் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தது. கும்பிடும் இடம் மாறினாலும் பெண் கொண்டு கொடுப்பது நிற்கவில்லை. அதனால் நாகையாவுக்கு வழி சுலபமாகத் தெரிந்தது.

"பிள்ளை பேரு கெட்டுப்போச்சு. இனி வேற எடம் வாராது. பயலுக்கும் வயசாகுது. ரெண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுட்டா கேசு ரெண்டும் வாபஸ். என்ன சொல்றீக வாத்தியாரே?"

ஞானமுத்து தலையில் காயக்கட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஜெயசுந்தருக்குத் தாடை கட்டியிருந்தது. கையை மட்டும் அசைத்தான். ஒழியட்டும் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். ஜெஸ்லின் பின்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அய்யாதுரை மீசையைத் தடவினார். "எங்களுக்குச் சம்மதம். பொண்ணு குடுக்கேன்னு வந்தா வேண்டாம்னா சொல்லுவோம்?"

நாகையா சங்கிலிமுத்துவைப் பார்த்தார். விலாவில் கட்டோடு சுவரில் சாய்ந்து நின்றான். "என்னப்பா, கட்டிக்கிடுதியா?"

"இல்ல."

"என்னது?"

"கட்டிக்கிட மாட்டேன்."

"ஏலே, நீதான பின்னால அலைஞ்ச."

"அலையல. கேட்டேன். அவுக வேண்டாம்னுட்டாக."

"எப்பச் சொல்லுச்சு?"

"ஜூன் பன்னெண்டு, திங்கக்கெளம, காலைல எட்டு அஞ்சுக்கு."

இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். "அது பொட்டப்பிள்ள பஸ் ஸ்டாப்புல சொல்றதுலே. வேற என்ன சொல்லும்?" என்றார் ஒருவர்.

"சொன்னது சொன்னதுதான். அந்த நோட்டீசும் அவுகளுக்குத் தெரியாது. அச்சடிச்சது நாங்க. வெட்டுனது நான்."

அய்யாதுரை எழுந்து வந்து அறைந்தார். சங்கிலிமுத்து கையைத் தூக்கவில்லை. "எட்டு நாளா இருபது பேரு ஒனக்காக அடிபட்டுக் கெடக்கோம். ஒங்காத்தா கை ஒடிஞ்சு கெடக்கா. இப்பம் வந்து பேசுதியாலே?"

நாகையா இதுபோல் பல பஞ்சாயத்துகளைப் பார்த்தவர். அவர் அவசரப்படவில்லை. "சரி, விடுங்க. முடியாதுன்னா முடியாது. மாப்ள வீட்டாருக்குச் சம்மதமில்லன்னு எழுதிருதேன். கேச வாபஸ் வாங்கிட்டு அவுகவுக வேலயப் பாப்போம்."

"அப்பிடி எழுதக்கூடாது," என்றான் சங்கிலிமுத்து.

"பெறகு?"

"நான் வேண்டாம்னு சொன்னதா எழுதுனா, கூடப் பளகிட்டுக் கைவிட்டுட்டான்னு ஆயிரும். பொண்ணுக்கு விருப்பமில்லன்னு எழுதுங்க. அவுகதான் சொன்னாக, மொதல்ல."

 ஆனைக்குட்டத்துப் பையனை ஒரு பெண் வேண்டாம் என்றாள் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அய்யாதுரைக்கு முகம் கருத்தது.

"அந்தத் தாளு ஊருக்குள்ள வந்தா நான் எப்பிடிலே வேட்டி கட்டிட்டு நடப்பேன்? சொல்லு, மாப்ள வீட்டாருக்கு இஷ்டமில்லன்னு. சொல்லு."

"பொண்ணுக்கு விருப்பமில்ல."

அய்யாதுரை சுவரோரம் மடித்து வைத்திருந்த இரும்பு நாற்காலியை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முழங்காலில். சங்கிலிமுத்து கீழே விழுந்து வலது கையைத் தரையில் ஊன்றியபோது மூன்றாவது அடி மணிக்கட்டின் மேல் விளிம்போடு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது. நோட்டீஸை வெட்டியவன் இவனே என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியதுபோல, ஜெயசுந்தரும் எழுந்து ஓடிவந்து அவனைக் கட்டுப்போட்ட விலாவில் உதைத்தான். ஆனைக்குட்டத்தார் இரண்டு பேரும் சூலக்கரையார் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எட்டு நாளாக ஒருவரை ஒருவர் தேடி அடித்தவர்கள், அன்றைக்கு முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று ஒரே ஆளை அடித்தார்கள்.

இருபத்தைந்து வருடத்தில் எட்டுப் பேருடன் ஜெயசுந்தரையும் சேர்த்து ஒன்பது பேரை அடித்தவன், அன்று ஓர் அடிகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. பயம் என்று சிலர் சொன்னார்கள். கை ஒடியும் முன்பே அவன் கையைத் தூக்கவில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

"நிறுத்துங்க," என்றாள் ஜெஸ்லின்.

கத்தவில்லை. பின்வரிசையில் இருந்து நடந்து வந்து, அண்ணனுக்கும் கீழே கிடந்தவனுக்கும் நடுவில் நின்றாள். நாகையாவின் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்க மாமா. பொண்ணுக்கு விருப்பமில்ல. பேரு ஞா. ஜெஸ்லின். நான் கையெழுத்துப் போடுதேன்."

"ஒங்கப்பா சொல்லட்டும்மா."

எல்லோரும் ஞானமுத்துவைப் பார்த்தார்கள். அவர் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வு வைத்தவர். தரையில் இருந்து கண்ணை எடுத்தார். "எட்டு நாளா ஒரே பதிலச் சொல்லுது பிள்ள," என்றார். "தப்பான பதில்னா ஒரு தடவையாவது மாத்திச் சொல்லியிருக்கும். எழுதுங்க நாகையா."

நான்கு வரி எழுதினார்கள். இன்ன தேதியில் ஆனைக்குட்டம் சங்கிலிமுத்து சூலக்கரை ஜெஸ்லினிடம் பழகக் கேட்டதாகவும், பெண்ணுக்கு விருப்பமில்லை என்று அன்றே சொல்லிவிட்டதாகவும், நோட்டீஸ் பெண்ணுக்குத் தெரியாமல் அடிக்கப்பட்டதாகவும், இரு பக்கமும் வழக்கைத் திரும்பப் பெறுவதாகவும். அய்யாதுரை கையெழுத்துப் போடாமல் துண்டை உதறிவிட்டு வெளியே போனார். சங்கிலிமுத்துவுக்கு வலது கை தூக்க முடியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். ஜெஸ்லின் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவள் பேனாவை மூடும்போது அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். உதடு வீங்கியிருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

"அந்த நோட்டீச வெட்டுனதுக்கு... மன்னிச்சிருங்க."

"மன்னிக்க மாட்டேன்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் அவனுடைய வலது கையைப் பார்த்தாள். தொடவில்லை. மேசையில் கிடந்த பழைய அட்டைப் பட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதக் கைக்கு அடியில குடுத்து, துண்டால கட்டி, அசைக்காம வச்சுக்கிடுங்க. விரலு மரத்துப் போவுதான்னு பாருங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. லேட் பண்ணாதீக."

பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். ஜூலை 10, திங்கட்கிழமையில் இருந்து அவள் மறுபடி வேலைக்குப் போனாள் என்பது அவள் ஆஸ்பத்திரி வருகைப் பதிவில் இருக்கிறது.

சங்கிலிமுத்து கையைக் கட்டிக்கொண்டான். உடனே கிளம்பவில்லை. அவள் ஏறியிருந்த, சூலக்கரை போகும் வேன் வாசலிலேயே நின்றது. ஜெயசுந்தருக்கு மருந்து வாங்கப் போன ஆள் திரும்பாததால் அது கிளம்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. அவன் வெளியே போனால் அந்த வேனைக் கடந்துதான் போக வேண்டும். அவள் கண்ணில் இன்னொரு தடவை போய் நிற்க வேண்டாம் என்று, எச்சில் இலைகள் அள்ளாமல் கிடந்த அந்தக் கூடத்தில், கையை மடியில் வைத்தபடி அந்த நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தான்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. இனி அவனால் கட்டிங் மெஷினில் நிற்க முடியாது. அதற்கு அந்த நாற்பது நிமிடம் காரணமல்ல, எலும்பு ஐந்து துண்டாக உடைந்ததுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். அவன் அதைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை.